30 வயதுக்கு மேல் பாட்டுக் கற்க முடியுமா? மேலே போனால் குரல் உடைகிறதே?

கும்பகோணத்தில் வேலை, வயது 30 தாண்டிவிட்டது, பாட ஆசை, ஆனால் மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கற்கலாம்.

முதலில் சுருதியை, அதாவது நீங்கள் 'ஸ' என்று வைத்துப் பாடும் அடிப்படை ஒலியின் உயரத்தை, பாருங்கள். பலருக்குச் சிக்கல் குரலில் இல்லை, பொருந்தாத சுருதியில்தான். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள்; அது சட்டமல்ல. கீழே மந்திர பஞ்சமமும் (கீழ் ஸ்தாயியின் 'ப') மேலே தார ஸ்தாயி காந்தாரமும் (மேல் ஸ்தாயியின் 'க') தொண்டையை இறுக்காமல் எட்டினால் அதுதான் உங்கள் சுருதி. சினிமாப் பாட்டை அதன் மூலச் சுருதியிலேயே பிடிக்கப் போய்த்தான் பாதி வினை.

அடுத்து, கைப்பேசியில் தம்புராவை ஓடவிட்டு, தோள் தூக்காமல் வயிறு விரிய மூச்சிழுத்து, 'ஸ'வில் நின்று பழகுங்கள். விடியற்காலையில் கீழ்ஸ்தாயி போதும். பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடம், மூன்று காலத்திலும் (வேகத்திலும்), அகாரத்திலும் ('ஆ' என்று மட்டும் பாடி). ஏன் அந்த ராகம்? ஸ ரி க ம-வில் உள்ள இடைவெளிகளே ப த நி ஸ-விலும் திரும்ப வருவதால் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சலிப்பாக இருக்கும், விடாதீர்கள்.

திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு வீட்டில் சொல்லித்தரும் ஆசிரியரே தோது என்பேன். கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும்போது போய் உட்காருங்கள். சொல் சிதையாமல் வாய் திறந்து பாடுவது காதில் ஏறும்.

தொண்டைக் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் பயிற்சியை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பனங்கற்கண்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.