அடைப்புக்குறிக்குள் ஒரு பெரியப்பா

கேள்வி: சென்னையில் எங்கள் சபையைச் சேர்ந்த பத்துப் பேர், நான்கு வருடமாகச் சனிக்கிழமை இரவுகளில் சென்ட்ரல், வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நடைபாதையில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து ஜெபித்துவிட்டு வருகிறோம். அவர்களில் ஒருவர் இரண்டு மாதமாக ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார். சடை விழுந்த தலை, அழுக்குச் சட்டை. கடைசி பெஞ்சில் பேசாமல்தான் உட்காருகிறார். ஆனாலும் நாற்றம் வருகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று சொல்லி, அவரை அழைத்து வரவேண்டாம் என்கிறது கமிட்டி. (என் கணவரின் அண்ணனும் மனநிலை சரியில்லாமல் இப்படித்தான் திரிகிறார். வீட்டில் பிள்ளைகள் இருப்பதால், வந்தால் கேட்டிலேயே சாப்பாடு கொடுத்து அனுப்பிவிடுவோம். அவருக்கென்று தனித் தட்டு வைத்திருக்கிறோம். அதனால் தெருவில் இருப்பவர்கள் கஷ்டம் எனக்குப் புரியும்.) தோற்றத்தை வைத்து மனிதரை ஒதுக்குகிற கமிட்டியை எப்படி மாற்றுவது?

— பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: கமிட்டி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவனுக்குக் காலடி என்று சபை பிரித்துப் பார்ப்பதை யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது. அதை அவர்களும் படித்தவர்கள்தான். நீங்கள் வசனம் காட்டி மாறமாட்டார்கள். வருகிற ஞாயிறு நீங்களும் உங்கள் கணவரும் அதே கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். குளிக்க இடமும் மாற்றுத் துணியும் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியதற்கு வருகிறேன்.

பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று கமிட்டி சொன்னால் உங்களுக்குக் கோபம் வருகிறது. அதே காரணத்தைச் சொல்லித்தான் நீங்கள் உங்கள் கணவரின் அண்ணனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் உங்கள் பிள்ளைகளுக்குப் பெரியப்பா. அவர் தட்டைக் கழுவி எங்கே கவிழ்த்து வைக்கிறீர்கள்? சமையலறையிலா, கொல்லைப்புறத்திலா? தனித் தட்டு, தனி டம்ளர் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனநோய் தட்டில் ஒட்டாது. பெரியப்பாவை எங்கே நிறுத்த வேண்டும் என்று நீங்கள் காட்டுவது பிள்ளைகள் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

வால்டாக்ஸ் சாலையில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிற உங்களுக்கு, உங்கள் வீட்டு மனிதர் பக்கத்தில் ஏன் உட்கார முடியவில்லை? நடைபாதையில் இருப்பவரை விட்டுவிட்டு நீங்கள் வீடு திரும்பிவிடலாம். இவரை உள்ளே விட்டால் அக்கம்பக்கம் பேசும், உறவினர்கள் கேட்பார்கள். இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன, அந்த வீடுகளிலும் இந்தப் பயம்தான். ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் பசித்தவனுக்கு ஆகாரம், வீடில்லாதவனுக்கு இடம், வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம் என்று சொல்லிக்கொண்டே வருகிற வசனம், "உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்" என்று, அதாவது சொந்த இரத்த உறவுக்கு முகத்தை மறைக்காதே என்று, போய் நிற்கிறது. முதல் பாதியை நான்கு வருடமாகச் செய்கிறீர்கள். இந்தக் கடைசி வார்த்தைகளை உங்கள் வீட்டில் யாராவது வாசித்தார்களா?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயோடு தெருவில் திரிகிறவரைக் கண்டால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது போலீசின் கடமை. உங்கள் கணவரின் அண்ணனுக்காக அப்படித் தேடினால், போலீஸ்காரர் வந்து நிற்கப்போவது உங்கள் கேட்டில்தான்.

கடிதத்தில் உங்கள் கணவர் வாயே திறக்கவில்லை. இதில் உங்களைவிட அவர்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். கூடப்பிறந்தவனைப் பார்ப்பது முதல் கடமை, ஊழியம் அதற்கு அப்புறம்தான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

இன்றைக்கே அவரை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெருவில் பழகியவருக்கு நான்கு சுவருக்குள் படுப்பதே சிரமமாக இருக்கலாம், அதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-லிருந்து இருக்கிறது, உங்கள் பெரம்பூருக்குப் பக்கம்தான். போகுமுன் 14416 என்ற, டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசி, அவரை எப்படி அழைத்துப் போவது என்று கேளுங்கள். அடுத்த முறை அவர் வந்தால் உள்ளே கூப்பிட்டு, நீங்கள் சாப்பிடுகிற தட்டிலேயே சோறு போடுங்கள், பக்கத்தில் தம்பி உட்காரட்டும். மறுநாள் உங்கள் கணவர் லீவு போட்டுவிட்டு அண்ணனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துப் போகட்டும்.