கடலில் குளிக்க எந்த மாதம்?

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோவளம், மாமல்லபுரம், பிறகு கன்னியாகுமரி எனக் கடற்கரைகளுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். இணையத்தில் பார்த்தால் சென்னைக் கடலின் வெப்பநிலை ஜனவரியில் ஏறத்தாழ 26 டிகிரி என்றும் மே மாதத்தில் 30 டிகிரி என்றும் காட்டுகிறது. அப்படியானால் கடலில் குளிக்க மே மாதமே சிறந்தது என்று கொள்ளலாமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: நீங்கள் பார்த்த அளவுகள் ஏறக்குறையச் சரியானவையே, அவற்றைக் கொண்டு நீங்கள் எட்டிய முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நீச்சல் போட்டி நடக்கும் குளங்களில் நீரின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. சென்னைக் கடல் ஆண்டிலேயே மிகவும் குளிர்ந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்கூட அந்த எல்லைக்குக் கீழே போவதில்லை என்பதால், குளிரைக் காரணம் காட்டி எந்த மாதத்தையும் நீங்கள் ஒதுக்க வேண்டியதில்லை. ஜனவரிக் காலையில் காற்று 21 டிகிரியாக இருக்கும்போது கடல் நீர் காலுக்கு வெதுவெதுப்பாகவே படும். கரையேறிய பிறகு ஈர உடம்பில் வாடைக் காற்று படும்போதுதான் பிள்ளைகளுக்குப் பல் தந்தியடிக்கும். அதற்கு ஒரு நல்ல துண்டு போதும்.

மேலும், இணையம் தரும் அந்த எண் பெரும்பாலும் திறந்த கடலின் மேற்பரப்புக்கு உரியதே தவிர, உங்கள் பிள்ளைகள் நிற்கப்போகும் இடுப்பளவு நீருக்கு உரியதன்று. ஆழம் குறைந்த பாக்கு நீரிணைக் கரைகளில் நண்பகல் நீர் அந்த எண்ணைத் தாண்டிச் சுடுவதும் உண்டு.

ஆகவே நம் கடலில் மாதத்துக்கு மாதம் உண்மையில் மாறுவது சூடு அன்று, காற்றும் அலையும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் சோழமண்டலக் கரையைக் கொந்தளிக்க வைப்பதோடு, ஆறுகள் நகரத்தின் கழிவையெல்லாம் வாரிக்கொண்டுவந்து முகத்துவாரங்களில் கொட்டுகின்றன. காற்று தணிந்து, அலை தாழ்ந்து, நீரும் 27 முதல் 29 டிகிரி வரை இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான நாட்களையே நான் தேர்ந்தெடுப்பேன். பள்ளி நாட்காட்டி இதற்கு ஒத்துவராது என்பது எனக்கும் தெரியும்; வார இறுதிகள் இருக்கின்றனவே.

மே மாதத்தைப் பற்றி, அதுவும் நீங்கள் கன்னியாகுமரியைக் குறிப்பிட்டிருப்பதால், சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் கிளப்பிவிடும் நெடிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, இங்கே காற்றோ மழையோ எந்த முன்னறிவிப்பும் தராத நாளில் கேரளக் கரையிலும் நம் தென்மாவட்டக் கரைகளிலும் வந்து ஏறும். திருடன்போல வருவதால் கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தது, இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். அன்று நீரின் வெப்பநிலையை மட்டும் கேட்டிருந்தால், குளிக்க உகந்தது என்றே பதில் வந்திருக்கும். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பார்க்காமல் மே மாதத்தில் தென்கரையில் இறங்காதீர்கள். ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிடும் என்பதால் அக்கரையில் குளியலுக்கே இடமில்லை.

கோவளத்தில், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உலக அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரையில், குளிப்பதற்கென எல்லை குறித்த பகுதியை விட்டு வெளியே போகாதீர்கள். மெரினாவில் குளிக்கக் காவல்துறை விதித்திருக்கும் தடைக்குக் காரணம் நீரின் சூடோ குளிரோ அன்று, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமே. அதில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகிவர வேண்டும்.

கேள்வி: மே மாதம் இங்கிலாந்திலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே அப்போது வெயில் 25 டிகிரி வரை அடிக்குமாம். பிரைட்டன் கடலில் நீந்தலாமா? மெரினாவுக்கு அருகில் வளர்ந்தவன்; நன்றாக நீந்துவேன்.
— வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: வெயிலை நம்பிக் கடலில் குதிக்காதீர்கள். நிலம் சூடேறிய வேகத்தில் கடல் சூடேறாது. காற்று 25 டிகிரியைத் தொடும் மே மாதத்தில் பிரைட்டன் கடல் 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். அது தன் உச்சமான 17, 18 டிகிரியை எட்டுவது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்தான். மேலே நான் சொன்னதற்கு நேர்மாறாக, அங்கே வெப்பநிலையே முதல் ஆபத்து. 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென இறங்கினால், உடல் தன்னையறியாமல் பெருமூச்சு இழுக்கும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்வதால், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. உங்கள் நீச்சல் திறமை அந்த முதல் ஓரிரு நிமிடங்களில் உதவிக்கு வராது. மூச்சு சீராகும்வரை மல்லாந்து மிதக்கும்படிதான் அந்நாட்டு உயிர்காப்புப் படகு நிறுவனமும் அறிவுறுத்துகிறது. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே, உயிர்காப்புக் காவலர் இருக்கும் நேரத்தில், படிப்படியாக இறங்குங்கள். அங்கே மணலுக்குப் பதிலாகக் கூழாங்கற்கள் என்பதால் செருப்பு வேண்டும். கரையும் சட்டென்று ஆழமாகிவிடும்.

கேள்வி: டிசம்பரில் திருகோணமலை சென்றால் நிலாவெளியில் குளிக்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: நீர் 27 டிகிரி அளவில் இதமாகத்தான் இருக்கும், ஆனால் கடல் இடம் கொடுக்காது. இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருப்பது ஏப்ரல் இறுதி முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில் அந்த அமைதி உனவட்டுன, ஹிக்கடுவ போன்ற தென்மேற்குக் கரைகளுக்கு இடம்பெயர்ந்துவிடும். பயணச்சீட்டு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், நிலாவெளியைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வாருங்கள்.