கடலில் மிதவையில் கட்டி வளர்க்கும் பாசி பச்சையாக இல்லையே, வெயிலை எப்படிச் சேமிக்கிறது? சித்திரையில் வெளுப்பது ஏன்?

பச்சையம் இருக்கிறது, மறைந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் 'பெப்சிப் பாசி' என்று சொல்லும் காப்பாபைகஸ் செம்பாசி இனம். பைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி பச்சையத்தோடு கலந்திருப்பதால் பழுப்பாகத் தெரிகிறது. கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். மிஞ்சும் பச்சை ஒளியைப் பச்சையம் சரியாகப் பிடிக்காது. அதைப் பிடித்துக் கொடுப்பது இந்த நிறமிதான்.

அப்புறம் கத்தரிச் செடியில் நடப்பதே இங்கும். ஒளியாற்றலால் தண்ணீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறும். அந்த ஆற்றலைக் கொண்டு கார்பன் சர்க்கரையாகும். ஆனால் கடல்நீரில் கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாக இருப்பதால், பாசி அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிக்கொள்ள வேண்டும். சேமிப்பு, ஃப்ளோரிடியன் ஸ்டார்ச் என்ற மாவுப்பொருள். கம்பெனிகள் காசு கொடுக்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் சேமிப்பு அல்ல, செல் சுவரில் இருப்பது. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

  

வெளுப்பு இரண்டு வகை. கொடி முழுக்க மெல்ல மஞ்சளித்தால் நைட்ரஜன் பற்றாக்குறை. அந்தச் சிவப்பு நிறமி புரதம். பட்டினி வந்தால் பாசி அதையே உடைத்துத் தின்னும். கிளையின் நடுவில் வெள்ளையாகி, மெத்தென்று ஆகி ஒடிந்தால் 'ஐஸ் ஐஸ்' நோய். வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கக் கடல், சித்திரையில் குளம் மாதிரி நின்றுவிடும். ஓட்டம் இல்லாததால் கிளையைச் சுற்றியுள்ள நீரில் கார்பனும் சத்தும் தீர்ந்துபோகும். சூடு 32 டிகிரியைத் தாண்டினால் சுவாசமும் கூடி, பகலில் சேர்த்த மாவு இரவில் கரையும். பயன்படாத வெயில் செல்லையே சுடும். ஆடையாகப் படியும் சேறு இன்னொரு தடை. கயிற்றைப் பிடித்து அடிக்கடி உதறுங்கள். வெள்ளை விழுந்த கிளையை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதிலிருந்து அடுத்த நடவுக்கு விதைத் துண்டு எடுக்கக் கூடாது. ஐப்பசி மழையில் உப்பு குறைந்தாலும் இதே வெள்ளை வரும்.

நிறம் நன்றாக இருந்து நுனிகள் மட்டும் மொட்டையாக இருந்தால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள். அது ஓரா மீன் கடித்தது; மிதவைக்கு அடியில் வலை கட்டுங்கள்.