அந்த எட்டு வருடங்களும் அம்மாவுடையவைதான்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா கொழுந்து பறித்தார். 1998 பிப்ரவரியில் வேலைக்குச் சேர்ந்து, 58 வயது முடிந்து 2025 மார்ச் 31-ல் ஓய்வு பெற்றார். கடைசியாக வாங்கிய நாள் கூலி 470 ரூபாய். "2006 ஏப்ரலில்தான் பர்மனென்ட் ஆனீங்க, அதுக்கு முன்னாடி டெம்பரரி, அது கணக்குல வராது" என்று சொல்லி, 19 வருடங்களுக்கு மட்டும் 1,33,950 ரூபாய் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என ஒரு தாளைக் காட்டினார்கள். அதுவும் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தானாம். இன்னும் ஒரு பைசா வரவில்லை. மனு கொடுக்கலாம் என்றால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சிலோன்ல இருந்து வெறுங்கையோட வந்த எங்கப்பாவுக்கு வேலையும் வீடும் கொடுத்த தோட்டம். அது உப்பைத் தின்னுட்டு அது மேலயே கேஸ் போடறதா?" என்று அழுகிறார். நான் கோயம்புத்தூரில் ஒரு கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறேன். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அம்மாவின் அழுகைக்கு அப்புறம் வருகிறேன், அதுதான் பெரிய விஷயம்.

நாள் கூலிக்காரர்களுக்குக் கிராஜுவிட்டிக் கணக்கு மிக எளிது. கடைசியாக வாங்கிய நாள் கூலியை, பஞ்சப்படி சேர்த்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடச் சர்வீஸுக்கான தொகை. அம்மாவுக்கு 470 பெருக்கல் 15, அதாவது 7,050 ரூபாய். அவர் வேலை செய்தது 27 வருடம், கூடுதலாக இரண்டு மாதம். 6 மாதத்துக்கு மேல் இருந்தால்தான் அது இன்னொரு வருடமாகும், எனவே 27. மொத்தம் 1,90,350 ரூபாய். அவர்கள் காட்டிய தாளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 56,400 ரூபாய். (மாதச் சம்பளக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துத்தான் ஒரு நாள் சம்பளம் எடுக்க வேண்டும். 30-ஆல் வகுத்துக் கணக்குக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.)

இப்போது அந்த 8 வருடங்கள். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தோட்டங்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கிராஜுவிட்டி வாங்க 5 வருடத் தொடர்ச்சியான சர்வீஸ் வேண்டும் என்கிறது. பர்மனென்டாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு முழு வருடச் சர்வீஸ். உடம்பு சரியில்லாமல் எடுத்த லீவு, பிரசவ லீவு, வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்த நாள், தொழிலாளி மேல் தப்பில்லாமல் வேலை நின்றுபோன நாள், இவையெல்லாம் சர்வீஸை உடைக்காது. டெம்பரரி ஆட்களை வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. 'பிரேக் ஆயிடுச்சு' என்று பிற்பாடு சொல்வதற்காகச் செய்வது அது. 240 நாள் கணக்கு நிறைந்திருந்தால் அந்த வித்தை செல்லாது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, மலையில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நம் மாநிலத்தில் 1981-ல் நிரந்தரத் தகுதிச் சட்டம் ஒன்று போட்டார்கள். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கியே ஆக வேண்டும் என்பது அது. தோட்டங்களுக்கும் பொருந்தும். நாள் கணக்குச் சரியாக இருந்தால் உங்கள் அம்மா 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே பர்மனென்ட் ஆகியிருக்க வேண்டியவர். 2006 வரை இழுத்தது நிர்வாகம். அந்தத் தாமதத்துக்கு அம்மா ஏன் 56,400 ரூபாய் கொடுக்க வேண்டும்?

பழைய மத்திய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்களே, பழைய சட்டம் செத்துவிட்டதா என்று யாராவது உங்களைக் குழப்பலாம். அம்மா ஓய்வு பெற்றது அதற்கு முன்பு. அவருக்கு அன்றைக்கே உண்டான உரிமை 1972 சட்டத்தின்படிதான்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் கையில் வந்திருக்க வேண்டும். தொழிலாளி விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் கணக்குப் போட்டு எழுத்தில் தெரிவிப்பது முதலாளியின் கடமை. தாமதித்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் தனி வட்டி. முழுத் தொகைக்கும் பார்த்தால் வருடத்துக்கு 19,035 ரூபாய். மனுவில் வட்டியையும் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

சரி, அந்த 8 வருடத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். மஸ்டர் ரோலும் (வருகைப் பதிவேடு) கூலிப் பதிவேடும் ஆபீசில்தான் இருக்கும். அவற்றைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட, மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் கைவசம் ஏதாவது இருப்பது நல்லது. வீட்டில் டிரங்குப் பெட்டி இருந்தால் அடிவரை கிளறிப் பாருங்கள். பழைய கூலிச் சீட்டு, வருடா வருடம் வரும் பி.எஃப். ஸ்லிப், போனஸ் கொடுத்த சீட்டு, தோட்ட ஆஸ்பத்திரி அட்டை எதுவும் உதவும். நீங்களோ உங்கள் தம்பி தங்கையோ அந்த வருடங்களில் பிறந்திருந்தால் பிரசவ லீவுச் சம்பளம் கொடுத்ததற்குப் பதிவு இருக்கலாம். அம்மாவோடு அதே செடி வரிசையில் கொழுந்து பறித்த இரண்டு பெண்கள் வந்து சாட்சி சொன்னால் அதுவும் சாட்சியம்தான்.

இனி உப்பு.

உங்கள் அம்மாவின் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. 1964-ல் இலங்கையோடு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் வந்து இறங்கிய குடும்பங்களில் நிறையப் பேர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. தனியார் தோட்டங்களிலும் பலர் சேர்ந்தார்கள். ஊரும் இல்லை, உறவும் இல்லை, குளிருக்குப் போர்வை இல்லை என்று நின்ற தாத்தாவுக்கு ஒரு லைன் வீட்டின் கதவு திறந்தபோது அது தெய்வம் திறந்த கதவாகத்தான் தெரிந்திருக்கும். அந்த நன்றியை அம்மா சுமக்கிறார். அதைக் கேலி செய்யவோ பிடுங்கவோ வேண்டாம்.

ஆனால் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையையும் பாருங்கள். கொழுந்து பறித்தவர்களின் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் வெடிப்புகளுக்குள் கறுப்பாகக் கறை ஏறியிருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் பெரியம்மா கூடலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். வேலையை விட்டு நான்கு வருடம் கழித்தும் அவர் எனக்குச் சோறு போடும்போது அந்தக் கறையைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழையில் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, முதுகில் மூட்டையோடு சரிவில் இறங்கி, எடை போடும் இடத்தில் ஈர இலை என்று கிலோக் கணக்கில் கழித்தபோது வாய் பேசாமல் நின்ற நாட்கள் எத்தனை என்று அம்மாவிடம் கேளுங்கள். உப்பு இரண்டு பக்கமும் போயிருக்கிறது. தோட்டம் கொடுத்த வீடும்கூடத் தானம் இல்லை. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது, அதனால் கொடுத்தார்கள்.

'பணிக்கொடை' என்ற பெயரிலேயே சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கொடை என்றதும் கர்ணன் கொடுப்பது போல ஆகிவிடுகிறது, வாங்குபவர் தலைகுனிய வேண்டியதாகிவிடுகிறது. உங்கள் லைனில் வயதானவர்கள் 'சர்வீஸ் பணம்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதுதான் சரியான பெயர். செய்த சர்வீஸுக்கு நிறுத்தி வைத்திருந்த பணம். அம்மாவிடம் பேசும்போது அந்தச் சொல்லையே சொல்லுங்கள். கேஸ் என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். இது போலீஸ் கேஸ் இல்லை, கோர்ட் வாசலில் நிற்பதும் இல்லை. கணக்கில் தப்பு இருக்கிறது, சரிபார்த்துக் கொடுங்கள் என்ற மனு.

பொம்பளைகளால் என்ன ஆகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னால், 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததைச் சொல்லுங்கள். 20 சதவீத போனஸை 10 ஆக்கியபோது ரோட்டில் உட்கார்ந்தவர்கள் நம்மைப் போலத் தமிழ் பேசும் கொழுந்து பறிக்கும் பெண்கள். யூனியன் தலைவர்களையே ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, 'பொம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த 20 சதவீதத்தை வாங்கித்தான் எழுந்தார்கள்.

வீட்டு விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாக மட்டும் சொல்ல மாட்டேன். வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்ற நிபந்தனை 1972 சட்டத்தில் இல்லை. அதே சமயம், ஓய்வுக்குப் பிறகும் நிறுவனத்தின் வீட்டில் தொடர்ந்து இருந்தவர்களின் கிராஜுவிட்டியில் வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் அனுமதித்திருக்கிறது. அதனால் வீட்டைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடுவது ஆபத்து. 'பணம் கிடைத்ததும் வேறு வீடு பார்க்க இத்தனை மாத அவகாசம் வேண்டும்' என்று எழுத்தில் கேளுங்கள். பணத்தைக் கொடுக்காமல் வீட்டை விடு என்றால் எதை வைத்து அட்வான்ஸ் கொடுப்பது? இந்தக் கேள்வியையும் அந்தக் கடிதத்திலேயே எழுதலாம்.

முதல் வேலையாக, அம்மாவின் பெயரில் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, கடைசிக் கூலி, 27 வருடத்துக்கான தொகை, வட்டி, எல்லாம் அதில் இருக்கட்டும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள். பதில் இல்லை, அல்லது மறுபடி 19 என்றே சொல்கிறார்கள் என்றால் குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்க் கிராஜுவிட்டி மனு எந்த அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, கொடுத்துவிடுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று பின்வாங்க வேண்டாம். சட்டம் தெரியாது, வீட்டைச் சொல்லி நிறுத்தி வைத்தார்கள் என்று தாமதத்துக்கான காரணத்தை எழுதினால் ஏற்க இடமிருக்கிறது. ஆனால் இனி ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எழுதத் தயக்கமாக இருந்தால் ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாக உதவ வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

இதற்கிடையில் ஆபீசில் கூப்பிட்டு 1,33,950 ரூபாயை நீட்டி, 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்ற தாளில் கையெழுத்துக் கேட்கலாம். என் பெரியம்மா அப்படி ஒரு இங்கிலீஷ் தாளில் கைநாட்டு வைத்தவர். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பணத்தை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்துக்கு மேலே, 'மீதி 8 வருடத் தொகையைக் கோரும் உரிமையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று தமிழில் எழுதிவிட்டுப் போடட்டும். எழுத விடவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடட்டும்.

மனுவிலும் அம்மாவின் கையெழுத்துத்தான் வேண்டும், உங்களுடையது போதாது. எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது மனுவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். 1998 பிப்ரவரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். முதல் நாள் எந்த மலையில் பறித்தார், கூட யார் நின்றார்கள், அன்றைக்குக் கூலி எவ்வளவு என்று அவரே இடையில் சொல்லத் தொடங்குவார். சொல்லட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேனாவைக் கொடுங்கள்.