கேட்கிறவர் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? – கேள்வி பதில்

காரைக்குடிக் கூட்டத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்கு, சீட்டு வந்த வரிசையில் பதில். நாடக மேடை, வானொலி, லோக்கல் கேபிள், யூடியூப் என நாலுக்கும் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். கேமரா, லைட், எடிட்டிங் எல்லாம் என் துறை இல்லை.

ஆத்தங்குடியிலிருந்து: எங்கள் பட்டறையில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடுவதைப் பன்னிரண்டு நிமிட வீடியோவாக எடுத்து யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றிலும் போட்டோம். யூடியூபில் மட்டும்தான் ஆள் பார்த்தார்கள். மூன்றும் அதே வீடியோதானே?

அதே வீடியோவைப் போட்டதுதான் வினை, தம்பி. யூடியூபுக்கு வந்தவர் தேடிக்கொண்டு வந்தவர். வீடு கட்டுகிறார், தரைக்கு என்ன போடலாம் என்று யோசிக்கிறார், உட்கார்ந்து பார்ப்பார். ஃபேஸ்புக்கில் இருப்பவர் பேருந்தில் சத்தத்தை அணைத்துவிட்டுக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார். வாட்ஸ்அப்பில் உங்கள் வீடியோவைத் திறப்பவர் உங்கள் மாமா. அவருக்குக் கல் போடும் விதம் தெரியும், விலைதான் தெரியவேண்டும்.

வீடியோவை முழுக்கப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார் உங்கள் கொத்தனார். இத்தனை நேரமும் பார்க்கிறவருக்குத் தெரிவது கல்லின் முதுகுதான். கண்ணாடி விட்டு வரும்போதுதான் தலைகீழாகக் கிடந்த பூ பளபளவென்று முகம் காட்டுகிறது. அதைப் பதினோராவது நிமிடத்தில் வைத்திருக்கிறீர்கள்! ஃபேஸ்புக்குக்கு அந்த ஒரு நொடியிலிருந்து தொடங்குங்கள். யார் கல், எந்த ஊர் என்பதைப் படத்தின் மேலேயே எழுத்தில் போடுங்கள், சத்தம் இல்லாமலும் புரியவேண்டும். மாமாவுக்கு ஒரு போட்டோ, சதுர அடி விலை, உங்கள் குரலில் நாலு வார்த்தை போதும்.

இதையே வானொலிக்குச் செய்தால் பூவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கரண்டி சட்டத்தில் தட்டும் சத்தம், கொத்தனாரின் குரல், 'இதைச் சூளையில் சுடுவதே இல்லை' என்ற ஒரு வரி, இவ்வளவுதான். பத்திரிகைக்கு என்றால், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி அளவும் பராமரிப்பும்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரே சரக்கை எல்லா இடத்திலும் அப்படியே கொட்டாதீர்கள். கேட்பவர், பார்ப்பவர் கை அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பள்ளத்தூர் மாணவர்: வைரல் ஆவது எப்படி?

எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

காரைக்குடி, பலகாரக் கடை: கல்யாணப் பலகாரம் செய்கிறோம். இன்ஸ்டாகிராமில் படம் போட ஆள் வைத்தோம். லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை.

ஆச்சி, உங்களுக்கு ஒரே வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருப்பது இரண்டு பேர். பணம் அனுப்புவது சிங்கப்பூரில் இருக்கும் மகள். 'அந்தக் கடையில் சீடை கடிக்க முடியாது' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வது ஊரில் இருக்கும் அப்பத்தா. அப்பத்தாவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்த நோட்டீஸ், ஒரு போன் நம்பர், அந்த போனை எடுக்க ஒரு ஆள். மகளுக்குத் தேவை: எத்தனை நாள் தாங்கும், எப்படிக் கட்டி அனுப்புவீர்கள். சூட்டோடு சாப்பிடவேண்டிய கந்தரப்பத்தை முதல் படமாகப் போட்டிருக்கிறீர்கள். பார்த்தவர்களுக்கு நாக்கு ஊறியிருக்கும், கடல் தாண்டி வாங்குவது எப்படி? மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் முன்னால் வரட்டும்.

தேவகோட்டை ஆசிரியை: வானொலியில் பத்து நிமிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடையில் பேசுவேன். அதே பேச்சு போதுமா?

போதாதும்மா. மேடையில் உங்கள் முகமும் கையும் பாதி வேலையைச் செய்துவிடும். வானொலியில் கேட்பவர் கையில் மண்வெட்டியோ கரண்டியோ இருக்கும். அவரால் பின்னால் போய் மறுபடி கேட்க முடியாது. அதனால் வாக்கியம் சின்னதாக. 'அவர்', 'அது' என்று விடாமல் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள். எண்களைக் குறையுங்கள். ஆயிரம் பேருக்குப் பேசாமல் ஒருவருக்குப் பேசுங்கள்.

திருச்சி வானொலி 1939இல் தொடங்கியது. 1960களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி அது விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் என்று, கேட்டவர் மறுநாள் வயலில் செய்யக்கூடியதைச் சொன்னார்கள். அடுக்குமொழி அங்கே எடுபடாது.

கோட்டையூர்: எந்த கேமரா வாங்கலாம்?

முதல் பத்தியைப் படிக்கவும்.

திருப்பத்தூர், ஓய்வுபெற்றவர்: விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்த சனம் இன்றைக்கு ஒரு நிமிடம் உட்கார மாட்டேன் என்கிறது. பொறுமை போய்விட்டது. இதற்கு எழுதி என்ன பயன்?

ஐயா, விடிய விடிய யார் பார்த்தார்கள்? நான் மேடைக்குப் பக்கத்தில் ஆர்மோனியப் பெட்டியோரம் உட்கார்ந்து பார்த்தது கூட்டத்தைத்தான். பாய் விரித்துத் தூங்கினார்கள், டீக்கடைக்குப் போனார்கள், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். நாடகமே அதற்கு ஏற்றபடி கட்டியது. முதலில் பஃபூன், அப்புறம் டான்ஸ். நாரதர் வந்தால் பாட்டுப் பாடித் தான் யார் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். நடுவில் எழுந்து வந்தவனுக்கும் கதை பிடிபடும். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து ஒத்திகை இல்லாமல் வந்து சேர்கிறவர்கள். கூட்டம் அசந்தால் நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கத்தைச் சுருக்குவார்கள், விசில் வந்தால் நீட்டுவார்கள்.

*(புதுக்கோட்டையிலிருந்து வந்தவர் குறுக்கிட்டார்: "அண்ணே, சரிதான். ஆனால் எங்கள் பெரியப்பா ராஜபார்ட், கதாநாயக வேடம் கட்டுகிறவர். நாரதர் தர்க்கத்துக்காகவே கண் விழித்து வரிக்கு வரி எதிர்பார்த்த கூட்டம் இருந்தது. அதைத் தூக்கம் என்று சொல்லாதீர்கள்.")*

இருந்தது, மறுக்கவில்லை. முன்வரிசை நாற்பது பேர். அவர்களுக்காகத் தர்க்கம், மீதிப் பேருக்காக பஃபூன். ஒரே ராத்திரியில் இரண்டு கூட்டத்துக்கும் படி அளந்தார்கள்.

*(திருப்பத்தூர்க்காரர் விடவில்லை: "அப்போது மனுசன் மனுசனைப் பார்த்தான். இப்போது போனைப் பார்க்கிறான்.")*

இதை ஏற்கிறேன். வித்தியாசம் பொறுமையில் இல்லை, கலைஞனுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவனை ராஜபார்ட் கண்ணால் பார்த்தார். வானொலியில் கடிதம் வரும்வரை ஒன்றும் தெரியாது. யூடியூபில் எந்த இடத்தில் ஆள் விலகினார் என்று கோடு போட்டே காட்டுகிறது, ஆனால் ஏன் என்று சொல்லாது. முகம் சுளித்தாரா, குழந்தை அழுததா, பஸ் வந்துவிட்டதா? அந்தக் கோட்டை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் முதல் பத்து வினாடியில் கத்திவிட்டு, அப்புறம் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள்.

ஊடகம் மாறினால் என்ன செய்வது என்பதற்கு நம் ஊர்ச் சான்றே உண்டு. 'நாம் இருவர்' முதலில் நாடகம், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனின் குழு போட்டது. ஏவி. மெய்யப்பன் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்திருந்தபோது அதைப் படமாக்கினார். 1947 தொடக்கத்தில் வெளிவந்தது. நாடகத்தை அப்படியே படம் பிடித்து நிறுத்தவில்லை. பாரதி பாட்டு, பட்டம்மாள் குரல், குமாரி கமலாவின் ஆட்டம் என்று கொட்டகையில் உட்கார்ந்தவனின் காதுக்கும் கண்ணுக்கும் வேண்டியதைச் சேர்த்தார். சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று பாடியது கூட்டத்தின் மனசில் ஏற்கெனவே இருந்தது.

புதுக்கோட்டைத் தம்பி இன்னும் கையைத் தூக்குகிறார். கூட்டம் முடிந்து டீக்கடையில் பேசுவோம்.

காரைக்குடி: பட்டிமன்றப் பேச்சை முழுசாக இணையத்தில் ஏற்றலாமா?

முழுசாக ஒன்று இருக்கட்டும், ஆவணமாக. தனியாக, ஒரு வாதமும் அதற்கு வந்த மறுப்பும் சேர்ந்த துண்டு ஒன்று. மறுப்பை வெட்டிவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துப் போடாதீர்கள், பட்டிமன்றம் துணுக்குத் தோரணமாகிவிடும். மறுபடியும்: இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள்.

புதுவயல்: வீடியோ எத்தனை நிமிடம் இருக்கவேண்டும்?

கண்டனூர்: ஷார்ட்ஸ் எத்தனை வினாடி?

திருமயம்: நீளம் எவ்வளவு இருந்தால் நல்லது?

மூன்று சீட்டும் ஒரே கேள்வி. ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம்வரை போகலாம், அது யூடியூபின் கணக்கு. உங்கள் கணக்கு, சொல்ல என்ன இருக்கிறது என்பது. ஆத்தங்குடித் தம்பிக்குச் சொன்னதைப் படித்துவிட்டு, உங்களிடம் என்ன சரக்கு, யாருக்கு என்று எழுதிக் கொடுங்கள், அப்புறம் நிமிடத்தைப் பேசலாம்.

நாட்டரசன்கோட்டை: நோட்டீஸில் எழுத்து எந்த அளவு?

அச்சடிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து, கண்ணாடி போடாத அப்பச்சியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.