விங்கரை எண்ணால் அளப்பது எப்படி? கேள்வி பதில்

தூத்தூர்ப் பக்கம் பையன்களுக்குப் பந்து பழக்குகிறேன். ஆட்டங்களை நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். விங்கர்களைப் பற்றி, அதாவது ஓரத்தில் ஆடித் தாக்குகிறவர்களைப் பற்றிக் கேளுங்கள். கேட்டவர்களின் ஊர்ப் பெயரை முன்னால் போட்டிருக்கிறேன்.

குளச்சல்: அண்ணே, எக்ஸ்ஜி பார்த்தால் விங்கர் எப்படி என்று தெரிந்துவிடுமா?

பாதிதான் தெரியும். ஒரு இடத்தில் இருந்து அடிக்கிற ஷாட் சராசரியாக எத்தனை தடவை கோலாகும் என்ற கணக்கு அது. பெனால்ட்டிக்கு முக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். விங்கருக்கு எக்ஸ்ஏவையும் சேர்த்துப் பாருங்கள், அது கொடுத்த பாஸ் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு. நல்ல பாஸை ஃபார்வர்டு வீணாக்கினாலும் கொடுத்தவனுக்குக் கணக்கு ஏறும். அப்புறம், பெனால்ட்டியைக் கழித்துவிடுங்கள். 2024-25 பிரீமியர் லீக்கில் சலா 29 கோல் அடித்தார், அதில் 9 பெனால்ட்டி. எதையும் 90 நிமிடத்துக்கு எவ்வளவு என்று மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

நித்திரவிளை: என் தம்பி 5 ஆட்டத்தில் 6 கோல். பெரிய ஆளாவானா?

5 ஆட்டம் போதாது. எத்தனை நிமிடம் ஆடினான், எதிரே யார்? ஒரு சீசன் முழுக்கக் குறித்துவிட்டு வாருங்கள்.

மார்த்தாண்டம்: ஆட்ட மூளையை எண்ணி அளக்க முடியாது அண்ணே. கண்ணுக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரிவதைத்தான் எண்ணுகிறோம். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், பந்து வருமுன் ஆட்டக்காரர் எத்தனை தடவை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார் என்று வீடியோவில் எண்ணினார். அதைப் படித்துவிட்டு நானும் கடற்கரை மணலில் உட்கார்ந்து, ஒரு பையன் மட்டும் தலை திருப்பும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். பந்து எதிர் விங்கில் இருக்கும்போதே தோளுக்குப் பின்னால் இரண்டு தடவை பார்த்துவிடுவான். பந்து வந்ததும் முதல் தொடுதலே தடுக்கிற பேக் இல்லாத பக்கம் போகும். கரையில் நின்றவர்கள் அவனுக்கு வேகம் என்றார்கள். ஓட்டப் பந்தயம் வைத்தால் அவன் நாலாவதாகத்தான் வருவான்.

மார்த்தாண்டம்: சும்மா தலையை ஆட்டுகிறவனும் இருப்பானே?

இருக்கிறான், நல்ல கேள்வி. அதனால் தலை திருப்பலை மட்டும் எண்ணாதீர்கள். பார்த்த பிறகு என்ன செய்தான் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்: முதல் தொடுதல் முன்னாலா பின்னாலா, பந்தை எங்கே இழந்தான்? எதிரணி பாக்ஸ் ஓரத்தில் ஆளைத் தாண்டப் பார்த்து இழந்தால் பரவாயில்லை, சொந்தப் பாதியில் இழந்தால் ஆபத்து. இரண்டையும் ஒரே 'தோற்ற டிரிபிள்' (ஆளைத் தாண்டப் பார்த்துத் தோற்றது) ஆகப் போடும் பட்டியலை நான் நம்புவதில்லை.

குளச்சல்: கோல் எண்ணிக்கையை வைத்து இரண்டு விங்கரை ஒப்பிடலாமா?

90 நிமிடக் கணக்கு. முதல் பதிலைப் பாருங்கள்.

இரவிபுத்தன்துறை: நம்ம ஊர் ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜை எப்படி மதிப்பிடுவீர்கள்?

எந்த இடத்தில் ஆடினார் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 2019-20இல் கொல்கத்தா அணி ஏடிகே, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றபோது அவர் இடது விங்-பேக். பின்னால் ஓடித் தடுக்கிற வேலையும் அவருடையதுதான். அந்த சீசன் எண்களை முழுநேர விங்கரின் எண்களோடு வைத்தால் அவருக்கு அநியாயம். அடுத்த சீசன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கொல்லங்கோடு: செவன்ஸில் (அணிக்கு 7 பேர் ஆட்டத்தில்) எடுத்த கணக்கு செல்லுமா?

செவன்ஸுக்குள் ஒப்பிடச் செல்லும். 11 பேர் ஆட்டத்தோடு கலக்காதீர்கள்.

நாகர்கோவில்: கோல்கீப்பருக்கு என்ன எண்ணலாம்?

அது எனக்குப் பழக்கமில்லை. கீப்பர் பழக்குகிறவரிடம் கேளுங்கள்.

நித்திரவிளை: அப்போ 5 ஆட்டம் போதாதா?

போதாது தம்பி. நோட்டு வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலிருந்து நிமிடத்தோடு எழுதுங்கள்.