பஸ் நிறுத்தத்துக்கு ஒரு நிழற்குடை: வேல்ஸ் டவுன் கவுன்சிலிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: வேல்ஸில் கார்மார்தன்ஷயரில் ஒரு சிறு ஊரில் இருக்கிறேன். மருத்துவமனையில் நர்ஸ் வேலை. காலை பஸ்ஸுக்கு நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மழையில் திறந்தவெளியில் நிற்கிறோம். நிறுத்தத்தில் ஒரு கம்பம் மட்டும்தான் இருக்கிறது. கவுண்டி கவுன்சிலுக்கு எழுதினேன். நிதி இல்லை, டவுன் கவுன்சிலைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. மேயரிடம் சொன்னால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. யாரிடம், எப்படிக் கேட்பது? என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். எனக்குக் கேட்கும் உரிமை உண்டா?

பதில்: கேட்கும் உரிமை உங்களுக்குத் தாராளமாக உண்டு. பாஸ்போர்ட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நிழற்குடை.

கவுண்டி கவுன்சில் உங்களைத் தட்டிக் கழித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அவர்கள் காட்டிய இடம் சரியானதுதான். வேல்ஸில் உள்ளாட்சி இரண்டு அடுக்கு. மேலே மாவட்ட அளவில் 22 கவுன்சில்கள், நீங்கள் எழுதிய கவுண்டி கவுன்சில் அவற்றில் ஒன்று. பள்ளி, சாலை, குப்பை, முதியோர் பராமரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கீழே ஊர் அளவில் 730க்கும் மேற்பட்ட சிறு கவுன்சில்கள். 1974-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தவை இவை. கார்டிஃப், நியூபோர்ட் போன்ற இடங்களில் பல பகுதிகளுக்குக் கீழ் அடுக்கே கிடையாது. கார்மார்தன்ஷயரில் எல்லா ஊருக்கும் உண்டு. கீழ் அடுக்குக் கவுன்சில் ஒன்று தன்னை டவுன் கவுன்சில் என்று அறிவித்துக்கொண்டால் அதன் தலைவர் மேயர் ஆகிறார். பட்டமும் கழுத்துச் சங்கிலியும் வருமே தவிர, அதிகாரம் கூடுவதில்லை.

சாலைக் குழி, குப்பைத் தொட்டி, 20 மைல் வேகக் கட்டுப்பாடு, பஸ் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதையெல்லாம் டவுன் கவுன்சிலிடம் கொண்டு போனால், கவுண்டிக்கு ஒரு கடிதம் எழுதுவதோடு அவர்களால் முடிந்தது முடிந்துவிடும். ஆனால் பஸ் நிழற்குடை அப்படியல்ல. அதைக் கட்டவும் பராமரிக்கவும் ஊர்க் கவுன்சில்களுக்கு 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நேரடியாகவே அதிகாரம் தருகிறது. சாலையோரப் பெஞ்சு, ஊர்க் கடிகாரம், தெருவிளக்கு ஆகியவற்றுக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆக, உங்கள் கோரிக்கை அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலைக்குள் நேராக வருகிறது. கவனிக்க வேண்டிய ஒன்று, இது அதிகாரம் மட்டும்தான், கடமை அல்ல. முடியாது என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால்தான் எப்படிக் கேட்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

இப்போது மேயர். அவரைப் பார்த்துப் பேசுவது நல்லது, அதில் தவறே இல்லை. ஆனால் "செய்துவிடலாம்" என்று அவர் கை குலுக்கிச் சொன்னாலும் அது முடிவாகாது. தனி ஒரு கவுன்சிலருக்கு, அவர் மேயராகவே இருந்தாலும், கவுன்சிலின் பெயரில் தனியாக முடிவெடுக்க சட்டத்தில் இடமில்லை. முறையாக அறிவித்த கூட்டத்தில்தான் முடிவு எடுக்க முடியும். அந்தக் கூட்டத்திலும், முன்கூட்டி வெளியிட்ட அஜெண்டாவில் இருக்கும் விஷயத்தைப் பற்றி மட்டுமே முடிவெடுக்கலாம். அஜெண்டாவில் இல்லாத ஒன்றுக்குப் பணம் ஒதுக்கினால் அது செல்லாது. எத்தனையோ நியாயமான கோரிக்கைகள் இங்கேதான் தேங்கி நிற்கின்றன. சந்தையில், பப்பில், தேவாலய வாசலில் நாலு கவுன்சிலர்களிடம் சொல்லியாகிவிட்டது, எல்லோரும் தலையாட்டியும் ஆகிவிட்டது, அஜெண்டாவில் மட்டும் ஒரு வரி ஏறவில்லை. ஆறு மாதம் இப்படியே ஓடிவிடும்.

அந்த ஒரு வரியை ஏற்றுபவர் கிளார்க். கவுன்சிலின் தலைமை அலுவலர் அவர்தான். சிறு ஊர்களில் பெரும்பாலும் ஒரே ஊழியரும் அவர்தான், அதுவும் வாரத்தில் சில மணி நேரம் மட்டும். கடிதம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, கல்லறைத் தோட்டப் பதிவேட்டைக் காப்பது, விளையாட்டுத் திடல் ஊஞ்சலைப் பரிசோதிக்க ஆள் வரச் சொல்வது எல்லாம் அவர் தலையில்தான். அவருடைய நேரத்தை மதித்து எழுதுங்கள். எல்லாக் கவுன்சிலும் தொடர்பு விவரங்களையும் கூட்டக் குறிப்புகளையும் இணையத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. அதனால் கிளார்க்கின் மின்னஞ்சல் முகவரி எளிதாகக் கிடைத்துவிடும்.

கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாள் முன்பு அஜெண்டா வெளியாக வேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. செவ்வாய்க்கிழமை கூட்டம் என்றால் முந்தைய வியாழனுக்குள் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். கிளார்க்குகள் அதற்கும் சில நாள் முன்பே பட்டியலை மூடிவிடுவார்கள். ஆகவே இரண்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

மின்னஞ்சலில் மழையைப் பற்றி ஒரு வரி போதும். வேல்ஸில் மழை பெய்யும் என்பதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு விவரங்கள். எந்த நிறுத்தம், ஊருக்குள் வரும் திசையா போகும் திசையா, எந்தத் தட பஸ், எந்த நேரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மருத்துவமனை ஊழியர்கள் எத்தனை பேர். ஒரு வாரம் குறித்துவைத்துக்கொண்டு எழுதுங்கள். நடைபாதையின் அகலம் தெரியும்படி இரண்டு மூன்று படம் சேருங்கள். உங்களோடு நிற்பவர்களின் கையெழுத்து பத்துப் பதினைந்து கிடைத்தால் இன்னும் நல்லது. கடைசியில், "அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதைத் தனி விஷயமாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள். இந்த வரி இல்லையென்றால் உங்கள் கடிதம் "வந்த கடிதங்கள்" என்ற தலைப்பின் கீழ் வாசிக்கப்பட்டு, குறித்துக்கொள்ளப்பட்டது என்பதோடு நின்றுவிடும்.

அப்புறம் பணம். உங்கள் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பில்லை எடுத்துப் பாருங்கள். கவுண்டிக்கு ஒரு தொகை, போலீசுக்கு ஒரு தொகை, டவுன் கவுன்சிலுக்கு ஒரு தொகை என்று மூன்று வரி இருக்கும். இந்த மூன்றாவதை பிரிசெப்ட் என்கிறார்கள். டவுன் கவுன்சில் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறது, கவுண்டி அதை வசூலித்துக் கொடுக்கிறது. ஒரு பேச்சுக்கு, உங்கள் ஊர் D பிரிவுக் கணக்கில் (வரிக்காக வீடுகளை மதிப்புப்படி பிரித்த பிரிவுகளில் D-ஐ அளவுகோலாக வைத்து எண்ணினால்) 1,500 வீடு, நிழற்குடைச் செலவு 6,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். D பிரிவு வீட்டுக்கு அந்த ஒரு வருடம் 4 பவுண்டு கூடும். பெரிய தொகை இல்லை. ஆனாலும் கவுன்சிலர்கள் தயங்குவார்கள். கட்டும் செலவைவிட, அதற்குப் பிறகு வருடா வருடம் துடைப்பது, உடைந்த பலகையை மாற்றுவது, காப்பீடு கட்டுவது என்ற சுமைதான் அவர்களை யோசிக்க வைக்கிறது. சிக்கன நடவடிக்கைக் காலத்தில் பல கவுண்டிகள் பொதுக் கழிப்பறைகளை ஊர்க் கவுன்சில்களிடம் கொடுத்தன. அவற்றைத் திறந்து வைத்திருப்பதற்காகவே பிரிசெப்டை உயர்த்த வேண்டி வந்த ஊர்கள் பல. இன்னொரு சொத்து என்றாலே அவர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டிய பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு நீங்களே ஒரு வழி சொன்னால் பேச்சின் போக்கே மாறும். எளிதில் உடையாத பொருள், கண்ணாடி இல்லாத வடிவம், சுத்தம் செய்ய முன்வரும் ஒரு தன்னார்வக் குழு என்று எதுவாகவும் இருக்கலாம்.

நிதிக்கு வேறு வாசலும் உண்டு. வேல்ஸின் மலைப்பகுதிகளில் காற்றாலை நிறுவனங்கள் சுற்றுவட்டார ஊர்களுக்கென நிதி ஒதுக்குகின்றன. கார்மார்தன்ஷயரிலேயே பிரெக்ஃபா ஃபாரஸ்ட் வெஸ்ட் காற்றாலையின் நிதி இருக்கிறது. உங்கள் ஊர் அதன் எல்லைக்குள் வருமா என்று கிளார்க்கிடம் கேளுங்கள். பாதிப் பணம் வெளியிலிருந்து வரும் என்றால் மீதிக்குக் கை தூக்குவது கவுன்சிலர்களுக்குச் சுலபம்.

எப்போது கேட்கிறோம் என்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். கவுன்சிலின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. பிரிசெப்ட் தொகையை அதற்கு முன் மார்ச் மாதம் பிறப்பதற்குள் கவுண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். நடைமுறையில் நவம்பரில் வரவுசெலவு வரைவு தயாராகி, ஜனவரியில் முடிவாகிவிடும். பிப்ரவரியில் போய்க் கேட்டால், நல்ல யோசனைதான், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். அது சாக்கு இல்லை, உண்மையிலேயே பணம் பங்கிட்டு முடிந்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் உங்கள் கடிதம் மேசையில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் பல கவுன்சில்கள் கூடுவதே இல்லை.

கூட்டத்துக்குப் போங்கள். பொதுமக்கள் போகலாம் என்பது பழைய உரிமை. 2021-ஆம் ஆண்டு வேல்ஸ் உள்ளாட்சி, தேர்தல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அஜெண்டாவில் உள்ள விஷயம் பற்றிப் பொதுமக்கள் பேச, கூட்டத் தலைவர் நியாயமான வாய்ப்பு தர வேண்டும். கூட்டம் நடத்துவதற்கே இடையூறு என்று அவர் கருதினால் மட்டுமே மறுக்கலாம். அந்தச் சட்டத்தின்படி இணையம் வழியாகவும் கூட்டத்தில் சேர வசதி இருக்க வேண்டும். நைட் ட்யூட்டி இருப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவி! நேரில் போக முடிந்தால் நேரில் போவதையே நான் சொல்வேன். உங்கள் பகுதியில் சில கவுன்சில்கள் வேல்ஷ் மொழியில் பேசி, உடனுக்குடன் மொழிபெயர்ப்பு வைத்திருக்கும். ஹெட்போன் தருவார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் பேசலாம். மூன்று நான்கு நிமிடம் கிடைக்கும். கடிதத்தில் இருப்பதை மறுபடி வாசிக்காமல், அந்த நேரத்தில் நிறுத்தத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். விவாதம் தொடங்கியதும் குறுக்கே பேச முடியாது, பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

கூட்டம் நடந்து ஏழு வேலை நாளுக்குள், யார் வந்தார்கள், என்ன முடிவு, வாக்கெடுப்பு நடந்தால் அதன் விளைவு என்ன என்ற குறிப்பை இணையத்தில் போட வேண்டும். அதைப் பார்த்து, தீர்மானத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். "கவுண்டியிடம் விசாரிக்க கிளார்க்கைக் கேட்டுக்கொள்வது" என்று இருந்தால் அடுத்த கூட்டத்துக்கும் இந்த விஷயம் வந்தாக வேண்டும். வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் மரியாதையாக நினைவூட்டுங்கள்.

சரி என்று தீர்மானம் ஆனாலும் மறுநாளே வேலை தொடங்காது. நெடுஞ்சாலைப் பொறுப்பு கவுண்டியிடம் இருப்பதால் சாலையோரத்தில் எதை நிறுத்தவும் அவர்கள் ஒப்புதல் வேண்டும். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போக நடைபாதையில் இடம் மிஞ்சுகிறதா, திருப்பத்தில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கிறதா என்று பார்ப்பார்கள். இடம் போதாவிட்டால் பின்னால் இருக்கும் நிலத்தின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். அவர் யார் என்று முன்பே தெரிந்து பேசி வைத்திருந்தால் பல மாதம் மிச்சம்.

மறுத்துவிட்டால்? முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மேல்முறையீடு செய்ய இடமில்லை. கடிதத்தையே கண்டுகொள்ளவில்லை, முறை தவறி நடந்தார்கள் என்றால் முதலில் கவுன்சிலின் புகார் நடைமுறை, அதன்பின் வேல்ஸ் பொதுச் சேவை ஆம்புட்ஸ்மன் (பொது அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி). நிதி இல்லை என்று மறுத்திருந்தால் கூரைக்குப் பதில் ஒரு பெஞ்சு கேட்டுப் பாருங்கள். பெஞ்சு வந்த இடத்தில் பிறகு கூரை கேட்பது எளிது.

காய்கறித் தோட்டத்துக்கு இடம் கேட்டும் பலர் எழுதுகிறார்கள். அதில் சட்டம் இதைவிட வலுவானது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாக்காளர்களோ கவுன்சில் டாக்ஸ் கட்டுபவர்களோ ஆறு பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். தேவை இருக்கிறது என்று கண்டால் நிலம் ஒதுக்குவது கடமையாகிறது.

கடைசியாகப் பாஸ்போர்ட். கடிதம் எழுதவும் கூட்டத்தில் பேசவும் குடியுரிமை தேவையே இல்லை. வாக்கும் உங்களுக்கு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவுடன் குடியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வாக்காளராகப் பதியலாம். வேல்ஸ் உள்ளாட்சித் தேர்தலில் 16 வயதிலேயே வாக்கு உண்டு, ஆகவே வளர்ந்த பிள்ளைகளையும் பதியுங்கள். போட்டியிட 18 வயதும், காமன்வெல்த் குடிமக்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் வேண்டும். இவற்றோடு, ஒரு வருடமாக ஊருக்குள்ளோ ஊரிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ வசித்திருந்தால் போதும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஊர்க் கவுன்சில்களில் இடங்கள் காலியாகவே கிடப்பது சகஜம். நடுவில் ஓர் இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். 14 நாளுக்குள் பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்காவிட்டால், விண்ணப்பிப்பவர்களில் ஒருவரைக் கவுன்சிலே சேர்த்துக்கொள்ளும். சம்பளம் கிடையாது. வீட்டுச் செலவுக்கென வருடத்துக்கு 156 பவுண்டும் அலுவலகப் பொருளுக்கு ஒரு சிறு தொகையும் தருவார்கள். நீங்கள் சேர விரும்பாவிட்டாலும், காலை பஸ்ஸில் வருபவர்களில் யாராவது ஒருவர் அந்த மேசையில் உட்காரலாமே என்று பேசிப் பாருங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2027 மே 6. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கவுண்டியின் தேர்தல் அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.